மேற்குச் சுவர்

சித்தேரி,
8-7-1973

அன்புள்ள தம்பி முனாபுக்கு, ஆபா ஜுபைதா சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மாவும் சுகம்தான், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பெங்களூர் குளிர் உனக்கும் நசீம் பானுவுக்கும் ஒத்துக்கொள்கிறதா?

மாற்றல் உத்தரவு வந்து, சென்ற மாதம் இந்த மலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஒரே அறை, ஐந்து வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஆசிரியை நான் ஒருத்திதான். எந்த அறை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கட்டிக் கொடுத்த அதே சிமெண்ட் கல் கட்டடம். செங்கல் ஏற்றிவர வழியில்லாமல், ஓடை மணலை வைத்து இங்கேயே பொந்துக் கல் வார்த்ததாகச் சொன்னாயே, அதுதான்.

தம்பி, அது ஒழுகுகிறது. போன வாரம் மூன்று நாள் விடாத சாரல். தரையெல்லாம் தண்ணீர். பிள்ளைகளைக் கிழக்குப் பக்கமாக நெருக்கி உட்கார வைத்துவிட்டு, புத்தகப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தேன். மழை நாளில் நான் மணி அடித்தாலும் பாதிப் பேர் வருவதில்லை. மழை பெய்தால் பள்ளி இல்லை என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது.

என்ன செய்தால் நிற்கும் என்று எழுது. இன்னொன்று. கவரின் பின்பக்கம் உன் பெயரைப் போட வேண்டாம். தபால் இங்கே பல கை மாறி வருகிறது.

உன் ஆபா,
ஜுபைதா


பெங்களூர்,
30-7-1973

ஆபா அவர்களுக்கு முனாபின் சலாம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் காலுக்கு நசீம் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஒரு பெரிய தொழிற்சாலையில் மதில் வேலை. கீழே எட்டுப் பேர். மேஸ்திரி, மேஸ்திரி என்று காலையிலிருந்து ஒரே கூப்பாடு.

ஒழுகல் விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். கட்டின வருஷமே அதிகாரி வந்து பார்த்தார், அப்போதே சொன்னேன். என் வேலையில் குற்றம் இல்லை. கான்கிரீட் கூரை போட்டால் மேலே பாத்தி கட்டிப் பதினைந்து நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். அந்தப் பொறுப்பை உள்ளூர் ஆள் காளியன் என்பவனிடம் விட்டிருந்தேன். அவன் திருவிழா என்று போய்விட்டான். கான்கிரீட் காய்ந்து வெடிப்பு விட்டுவிட்டது. மலை ஆட்களை நம்பினால் இப்படித்தான்.

கூரையை நன்றாகக் கூட்டி, தார் காய்ச்சி ஊற்றி, மேலே மணல் தூவச் சொல்லுங்கள். நின்றுவிடும்.

பெயர் போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

தம்பி,
முனாப்


சித்தேரி,
26-8-1973

தம்பி முனாபுக்கு சலாம். நான் நலம். சளி பிடித்திருக்கிறது, ஈர அறையில் வேறென்ன பிடிக்கும்?

தார் ஊற்றியாயிற்று. ஊற்றியது யார் தெரியுமா? காளியன். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்குத் தார் டின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவராகவே வந்து நின்றார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கூலி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்க வெயிலில் மேலேயே இருந்தார். இறங்கி வந்ததும் மோர் கொடுத்தேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இது எங்கையால வந்த கோளாறுங்க, டீச்சரு. பதினஞ்சு நாளு தண்ணி நிறுத்தணும்னாரு மேஸ்திரி. நானும் எம்பொண்டாட்டியும் ஓடையிலேர்ந்து தலச்சொமையாக் கொண்டாந்து ஊத்துனோம். நடுவுல ஒரு நாளு காச்சலு. எந்திரிக்க முடியல. அவளுக்கும் நெறமாசம். அந்த ஒரு நாளு ஊத்துலீங்க. அன்னிக்கித்தான் வெடிச்சுப் போயிருக்கும்.”

“திருவிழாவுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்களே?” என்று கேட்டேன்.

“அந்த மாசத்துல இங்க ஏதுங்க திருவிழா?” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள், கருப்பி. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை வருவதில்லை. “உங்கப்பன் கெடுத்த கூரை” என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்களாம். போன வருஷம் ஊரில் கிணற்றுக்கு மேடை கட்டியபோதும் காளியனைச் சட்டி தூக்கக்கூட யாரும் கூப்பிடவில்லையாம்.

நேற்று முன்தினம் மறுபடி மழை. தார் போட்டும் தரை நிறையத் தண்ணீர். இந்தத் தடவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காமல் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தேன். கூரையின் அடிப்பக்கத்தில் எங்கேயும் கறை இல்லை. கிழக்கு, வடக்கு, தெற்குச் சுவர்கள் காய்ந்தே இருக்கின்றன. மேற்குச் சுவரில் மட்டும், அதுவும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், ஈரம் ஊறி வழிகிறது. மழை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. மழை நின்று மறுநாள் மதியம் வரை நிற்பதில்லை.

கூரை வெடித்திருந்தால் தண்ணீர் முதலில் கூரையில் அல்லவா தெரிய வேண்டும்? உன் தொழில் எனக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

ஜுபைதா


சித்தேரி,
30-9-1973

தம்பிக்கு சலாம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நோன்பு தொடங்கிவிட்டது. நீ வேலைத்தலத்திலும் நோன்பு பிடிக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். மகன் கட்டின பள்ளியில் மகள் வேலை பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

முன் கடிதம் கிடைத்ததா?

ஜுபைதா


பெங்களூர்,
21-10-1973

ஆபா அவர்களுக்கு சலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. வேலை அதிகம். நோன்பு பிடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கடிதம் கிடைத்தது.

மழை விட்டு நான்கு நாள் வெயில் அடித்தபின் இதைச் செய்து பாருங்கள். கூரையின் தண்ணீர்ப் போக்கியைத் துணி வைத்து அடைத்துவிட்டு, மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். இரண்டு நாள் நிற்கட்டும். உள்ளே ஒரு சொட்டும் வராவிட்டால் கூரையில் குற்றம் இல்லை.

பிறகு கூரையைக் காலி செய்துவிட்டு, மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் சாரல் அடிப்பதைப் போலக் குடம் குடமாக வீசி ஊற்றச் சொல்லுங்கள். உள்ளே நின்று பாருங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

முனாப்


சித்தேரி,
11-11-1973

தம்பி முனாபுக்கு சலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? அம்மா உனக்கென்று சேமியா எடுத்து வைத்திருந்து, கடைசியில் எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள்.

நீ சொன்னபடியே செய்தோம். தண்ணீர் சுமந்தது காளியனும் அவர் மனைவி செல்லியும். முப்பத்தைந்து குடம் வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை. இரண்டு நாள் கூரைமேல் வானம் தெரியத் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மூன்றாம் நாள் காலை காளியன் முதல் தடவையாக அறைக்குள் வந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான்கு மூலைக்கும் நடந்தார். பெஞ்சுமேல் ஏறி உள்ளங்கையால் கூரையைத் தடவினார்.

“ஒழுவுலீங்களே” என்றார். திரும்பவும், “டீச்சரு, ஒழுவுலீங்களே” என்றார்.

பிறகு மேற்குச் சுவரில் வெளியிலிருந்து ஊற்றினார்கள். நான் உள்ளே நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள், தரையை ஒட்டிச் சுவர் கறுத்தது. அப்புறம் கசிந்தது. அப்புறம் ஓடியது.

“அப்ப தப்பு எங்கீங்க இருக்குது?” என்று காளியன் கேட்டார்.

“தெரிந்தவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்” என்றேன்.

தெரிந்தவர் ஒருவர். அப்படித்தான் சொன்னேன், முனாப். நான் யாருடைய அக்காள் என்று இந்த ஊரில் இதுவரை யாருக்கும் தெரியாது. வந்த முதல் வாரமே அந்த மேஸ்திரியைப் பற்றிப் பேச்சு வந்தது. என் தம்பி என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் காளியனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, பேசாமல் இருந்துவிட்டேன். அதன்பிறகு சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிவிட்டது.

மேற்குச் சுவரைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது.

ஜுபைதா


பெங்களூர்,
16-12-1973

ஆபா அவர்களுக்கு,

சலாம். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம்.

அந்தத் தண்ணீர்ச் சோதனையை எழுதும்போதே, முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேற்குச் சுவர்தான் கடைசியாக வைத்தது. என் நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சுவரை முடித்து, கூரை போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று பறந்தேன். பொந்துக் கல் வைக்கும்போது கீழே கலவை போடுவதோடு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிற சந்திலும் கலவை அடித்து இறுக்க வேண்டும். நேரம் எடுக்கிற வேலை அதுதான். மற்ற மூன்று சுவரிலும் அடித்தேன். மேற்கில் அடிக்கவில்லை. கல்லைக் கல்லோடு சும்மா சேர்த்து நிறுத்திக்கொண்டே போனேன். பூச்சு மறைத்துவிடும் என்று நினைத்தேன். சாரல் அந்தச் சந்துகளில் நுழைந்து, கல்லின் பொந்துக்குள் இறங்கி, அடியில் தேங்கி உள்பக்கமாகக் கசிகிறது. மழை நின்ற பிறகும் வருவது அதனால்தான்.

கூரை போட்ட மறுநாளே இறங்கிவிட்டேன். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கூரைமேல் தண்ணீர் நின்றிருந்த பாசிக்கோடு பச்சையாக இருந்தது. காளியன் சொன்னபடி செய்திருக்கிறார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. மேற்குச் சுவரில் சந்துகள் திறந்து கிடந்ததையும் பார்த்தேன். அப்போதாவது அடைத்திருக்கலாம். பூசிவிட்டேன்.

அந்த ஆடியில் ஒழுகியது. அதிகாரி வந்தார், ஊர் கூடியது. “யார்யா பொறுப்பு?” என்று கேட்டார். காளியன் கூட்டத்தில் முன்னால் நின்றிருந்தார். நான் விரலை நீட்டி, “இவன்தான் சார். தண்ணி ஊத்தாம திருவிழாவுக்குப் போயிட்டான்” என்றேன். வேலையைப் போட்டுவிட்டுப் போனவன் நான்தான். நான் செய்ததையே அவர் தலையில் வைத்துச் சொன்னேன். அவர் குனிந்துகொண்டார். ஏன் மறுத்துப் பேசவில்லை என்று இத்தனை நாள் எனக்குப் புரியாமல் இருந்தது. அந்த ஒரு நாள் காய்ச்சலைப் பற்றி உங்கள் கடிதத்தில் படித்தபோதுதான் புரிந்தது. அதனால்தான் எட்டு வாரம் பேனாவை எடுக்கவில்லை.

சரிசெய்யும் வழி: மேற்கு வெளிப்பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு சந்திலும் கெட்டிக் கலவையை மெல்லிய குச்சியால் உள்ளே குத்திக் குத்தி அடைக்க வேண்டும். அடிவரிசைக் கல்லில் வெளிப்பக்கம் இரண்டு முழத்துக்கு ஒன்றாகச் சிறு துளை போட்டால் தேங்கிய தண்ணீர் வெளியே போய்விடும். பிறகு இரண்டு தடவையாகப் பூசி, பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

காளியனிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

முனாப்


சித்தேரி,
10-2-1974

தம்பிக்கு சலாம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வேலை முறையை மட்டும் வேறொரு தாளில் எழுதிக் காளியனிடம் படித்துக் காட்டினேன். நீ கெஞ்சினாய் என்பதற்காக அல்ல. எனக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

பொங்கல் கழித்து வேலை தொடங்கினார். பூச்சைக் கொத்த ஆரம்பித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முதல் பூச்சு பலகையாக உதிர்ந்தது. உள்ளே கல், கல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு. காளியன் சுட்டுவிரலை அதில் வைத்தார். விரல் முழுக்க உள்ளே போய்விட்டது. அடுத்த சந்திலும் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்ததிலும். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரின் நீளத்துக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இந்தச் செவுத்த அந்தப் பாய் மேஸ்திரி தாங்கையால வச்சாரு, டீச்சரு. எங்கள எல்லாம் கலவ கலக்க அனுப்பிட்டாரு.”

நான் உதிர்ந்த பூச்சைக் காலால் ஓரமாக ஒதுக்கினேன்.

“பேருகூட மறந்து போச்சுங்க.”

“முனாப்” என்றேன்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“என் தம்பி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ கூட்டத்தில் விரல் நீட்டியபோது அவர் குனிந்துகொண்டதாக எழுதியிருந்தாயே. இப்போது குனிந்து நின்றது நான்.

“நான் காச்சலுன்னு சொன்னனே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதமாகத் தெரியும்.”

“ஒரு மாசம்” என்றார். உளியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு சந்து விடாமல் அடைத்தார். துளை போட்டார், இரண்டு தடவை பூசினார். பத்து நாள் காலையும் மாலையும் வந்து சுவரை நனைத்தார். ஒரு நாளும் நான் கொடுத்த மோரை வாங்கவில்லை.

பத்தாம் நாள் தாமே குடத்தை எடுத்து ஒரு மணி நேரம் வீசி ஊற்றினார். உள்ளே சுவர் காய்ந்த மண் மாதிரி இருந்தது. எட்டிப் பார்க்காமலே போய்விட்டார். மறுநாள் கருப்பி சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

இனி நான் எழுத ஒன்றுமில்லை. நீதான் எழுத வேண்டும், எனக்கு அல்ல.

ஜுபைதா


பெங்களூர்,
24-2-1974

ஆபா அவர்களுக்கு சலாம். நீங்கள் மோர் கொடுத்து அவர் வாங்காத இடத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு யார் யார் கூடியிருந்தார்களோ அவர்கள் எல்லாரும் இருக்கும்போது படியுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள்.

முனாப்

*

மரியாதைக்குரிய காளியன் அவர்களுக்கு, மேஸ்திரி முனாப் எழுதுவது. நீங்களும் செல்லி அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

1971ஆம் வருஷம் ஆடி மாதம், அதிகாரியும் ஊராரும் நின்ற இடத்தில், நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் திருவிழாவுக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். கூரையில் குற்றம் இல்லை. நான் வைத்த மேற்குச் சுவரில்தான் குற்றம். என் கல்யாண அவசரத்தில் சந்துகளை அடைக்காமல் விட்டேன். பிறகு பார்த்தும் பூசி மறைத்தேன். வேலையும் பெயரும் போய்விடும் என்று பயந்து உங்கள்மேல் பழியைப் போட்டேன்.

காய்ச்சலில் படுத்த ஒரு நாளால் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் பாத்தியில் நின்றிருக்கும். நான் கட்டின எத்தனையோ கூரைகளில் உங்கள் அளவுக்கு யாரும் தண்ணீர் காத்ததில்லை.

என்னை மன்னிக்க வேண்டும்.

முனாப்


சித்தேரி,
17-3-1974

தம்பி முனாபுக்கு சலாம். அம்மா சுகம். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள், “அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?” என்று கருப்பியைப் பற்றிக் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளி முன்னால் எல்லாரையும் கூட்டி உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் நான் உன் அக்காள் என்பதைச் சொன்னேன். எட்டு மாதம் மறைத்ததையும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. காளியன் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். செல்லி வந்திருந்தாள், கருப்பியும்.

ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். காய்ச்சல் பற்றிய இடம் வந்ததும் செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடித்ததும் ஊர்ப் பெரியவர் தீர்த்தகிரி, “அவரே ஒத்துக்கிட்டாரு. வுட்டுரு காளியா” என்றார்.

காளியன் எழுந்து முன்னால் வந்தார். கையை நீட்டினார், கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தார்.

“அன்னிக்கி என் மூஞ்சிக்கு நேரா நின்னு, வெரல நீட்டிச் சொன்னாரு. இன்னிக்கிக் காயிதம் அனுப்புறாரு. காயிதத்துக்கிட்ட நான் என்னாத்தப் பேசறதுங்க, டீச்சரு? எனக்குக் கேக்கறதுக்கு இருக்குது. அவர வரச் சொல்லுங்க.”

“அடிக்கப் போறியா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அடிக்க மாட்டேன். அதையும் எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டேன்.

ஜுபைதா


பெங்களூர்,
1-4-1974

ஆபா அவர்களுக்கு சலாம். உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. உடம்பு சரியில்லை என்று ஒரு பதில், வேலை முடியட்டும் என்று ஒரு பதில், மழைக்காலத்துக்குள் வருகிறேன் என்று ஒரு பதில். எல்லாவற்றையும் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நேற்று நசீமிடம் சொன்னேன். இத்தனை நாள் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுவிட்டு, “நம்ம நிக்காஹுக்காகவா?” என்றாள். உள்ளே போய் என் சட்டைகளை மடித்து எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, அம்மா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மலை ஏறுகிறேன். எதிரே வந்து கூட்டிப்போக வேண்டாம். ஊராரைக் கூப்பிட்டு வையுங்கள்.

காளியன் என்ன கேட்டாலும், எவ்வளவு நேரம் கேட்டாலும், நீங்கள் நடுவில் பேச வேண்டாம்.

முனாப்